கசப்புக்கும் ஒரு வேலை உண்டு

கீன்வாவை முதன்முதலாகக் களைகிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். அரிசி களைந்தால் தண்ணீர் வெளுக்கும். உளுந்து களைந்தால் கலங்கும். இதுவோ நுரைக்கும். கைவிட்டு நாலு தடவை அலசினால் போதும், துணி ஊறவைத்த வாளி போலப் பாத்திரத்தின் விளிம்புவரை நுரை ஏறி நிற்கும். ஒரு மணியை வாயில் போட்டுப் பார்த்தால் கசப்பு. நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை கிளப்புவது எதுவோ, அதே குடும்பத்துப் பொருள்தான் கீன்வாவின் தோலிலும் இருக்கிறது. அதன் பெயர் சப்போனின். கடைக்கு வருவதற்கு முன்பே ஆலையில் தோலைத் தேய்த்துக் கழுவிப் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். எஞ்சியதுதான் நம் சமையலறையில் நுரைக்கிறது.

இந்தக் கசப்பை விதையிலேயே இல்லாமல் செய்துவிட்டால் என்ன? பயிர் இனவிருத்தியில் ஈடுபட்டவர்கள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். வெற்றியும் பெற்றுவிட்டார்கள், கசப்பில்லாத ரகங்கள் இன்று பல உண்டு. ஆனால் கீன்வா பிறந்த மண்ணில் ஏராளமான உழவர்கள் கசப்பு ரகத்தைத்தான் இன்றும் விதைக்கிறார்கள். புதிய ரகம் கிடைக்காததால் அல்ல. கிடைத்த பிறகும் அப்படித்தான். அந்தப் பிடிவாதத்தின் பின்னால் உள்ள அறிவைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பொட்டலங்களில் கினோவா, குயினோவா என்று விதவிதமாக அச்சிடுகிறார்கள். ஆண்டிஸ் மலைமக்களின் கெச்சுவா மொழியில் அது கின்வா. அய்மரா மொழியில் ஹுபா. தானியம் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, நெல், கம்பு, சாமை போல இது புல்லினம் அல்ல. கீரையினம். நம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் சக்கரவர்த்திக் கீரையும் இதுவும் ஒரே பேரினத்துச் செடிகள். பாலக்கும் பீட்ரூட்டும் சற்றுத் தள்ளிய பங்காளிகள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் கீரைத்தண்டின் பூக்கதிர் போலக் கொண்டை விடும். மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, ஊதா என்று முற்றும் பருவத்தில் வயலே நிறம் மாறும். அந்தச் சிவப்பு, பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான அதே நிறமி வகையைச் சேர்ந்தது.

மணியின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். வெந்த பிறகு ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு வெள்ளை வளையம் கழன்று சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கரு, நாளைய செடி. அரிசியில் கரு ஓர் ஓரத்துப் புள்ளி. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும். கீன்வாவில் கரு விதையையே சுற்றி வளைத்துக் கிடக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் பெரும்பாலும் போகாது. விதையின் புரதம் பெரிதும் அங்கேதான் இருக்கிறது. எடையில் சுமார் 14 விழுக்காடு புரதம், அதிலும் அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் தாராளம். விண்வெளிப் பயணங்களில் வளர்த்து உண்ணத் தகுந்த பயிர்களை நாசா தேடியபோது, 1993-ல் அதன் ஆய்வாளர்கள் கீன்வாவைப் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம்.

இதைப் பயிராக்கியவர்கள் யார்? பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி இருக்கிறது. அதன் தென்கரையில் சிரிபா என்ற தொல்லூர். அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கருகிய விதைகளை நுண்ணோக்கியில் வைத்துத் தோலின் தடிமனை அளந்தார்கள். காட்டு விதைக்குக் கறுத்த, தடித்த தோல். பயிர் விதைக்கு மெல்லிய தோல். கி.மு. 1500 அளவிலேயே மெல்லிய தோல் விதை அங்கே வந்துவிட்டது. கூடவே தடித்த தோல் களை விதையும் கலந்து கிடக்கிறது. மேலே உள்ள, காலத்தால் பிந்திய அடுக்குகளில் களை விதை குறைகிறது. ஏரிக்கரை மக்கள் வயலைச் சுத்தம் செய்து, விதையைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கறுப்பு விதைக் களை இன்றும் அங்கே கீன்வா வயல்களில் முளைக்கிறது. அஹாரா என்கிறார்கள்.

தோல் மெலிந்தது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காட்டுச் செடிக்கு அவசரம் கூடாது. எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்து, பின்னால் ஒரு பனி அடித்தால் வம்சமே போயிற்று. அதனால் தடித்த தோலுக்குள் சில விதைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். உழவன் விதைக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. விதைத்தவுடன் முளைத்தது அறுவடையில் சேர்ந்தது. உறங்கியது மண்ணிலேயே தங்கிவிட்டது. அறுத்ததைத்தான் அடுத்த ஆண்டும் விதைத்தார்கள். யாரும் தோலைப் பற்றி யோசித்திருக்க வேண்டியதே இல்லை. தலைமுறை தலைமுறையாக மெல்லிய தோலே களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த லாபத்துக்கு ஒரு விலை இருந்தது. உறக்கத்தை இழந்த விதை, அறுவடை நேரத்தில் மழை பெய்தால் கதிரிலேயே முளைத்துவிடும். வறண்ட ஆண்டிஸில் அறுவடைக் காலம் மழையற்றது என்பதால் அங்கே இது பெரிய தொல்லை அல்ல. அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில் பயிரிட்டுப் பார்த்தவர்களுக்கு இதுவே முதல் தலைவலியானது.

இத்தனை பொறுக்கியவர்கள், விதை உதிராத கதிரையும் மெல்லிய தோலையும் பெரிய மணியையும் தேர்ந்தெடுத்தவர்கள், கசப்பை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? இனிப்பு மணி அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. கசப்பற்ற நாட்டு ரகங்களும் ஆண்டிஸில் ஆங்காங்கே இருந்துதான் வந்தன.

விடை வானத்தில் இருக்கிறது. மரமற்ற அந்த மேட்டுச் சமவெளியில் பறவைகளுக்குத் தீனி குறைவு. திறந்த கதிரில் பாதுகாப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் கீன்வா மணியைப் போல எளிய இரை வேறில்லை. நெல்லுக்கு உமி உண்டு. சோளத்துக்கே நம் ஊரில் பரண் கட்டிக் கவண் வீச வேண்டியிருந்தது. கசப்புக் கீன்வாவுக்குக் காவலாள் வேண்டாம்; பறவை ஒரு முறை கொத்திவிட்டு அடுத்த வயலைத் தேடும். ஆகவே ஆண்டிஸ் உழவர்கள் வயலில் கசப்பை வைத்துக்கொண்டு, வீட்டில் அதை நீக்கிக்கொண்டார்கள். மணியை வறுத்து, பொக்கேரா என்ற வெண்மண்ணைத் தூவி, குழிந்த கல்லில் போட்டு வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தோலைக் கழற்றுவார்கள். பிறகு புடைத்து, பலமுறை கழுவுவார்கள். சிறிய வேலை அல்ல. பெரும்பாலும் பெண்களின் உடலில் இறங்கிய உழைப்பு அது. கழுவிய நீர் துணி துவைக்கவும் தலை அலசவும் உதவியது.

இந்த இடத்தில்தான் நவீன இனவிருத்தி உள்ளே வருகிறது. 1960-களில் பொலிவியாவின் பட்டகமாயா ஆய்வுப் பண்ணையில் உம்பெர்ட்டோ காந்தாரியாஸ் என்ற வேளாண் அறிஞர் கீன்வாவை முறையாகக் கலப்புச் செய்யத் தொடங்கினார். கோதுமைக்கும் நெல்லுக்கும் உலகம் கோடிகளைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். மலைவாழ் பழங்குடிகளின் உணவு என்று பொலிவிய நகரத்தாரே ஒதுக்கிவைத்திருந்த ஒரு பயிருக்கு மரபியல் எழுதியவர் அவர். கீன்வா ஆய்வாளர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

அவருடைய வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று உணர, கீன்வாவின் பூவைப் பார்க்க வேண்டும். கடுகளவே இருக்கும். ஒரு கொண்டையில் ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும். சில பூ இருபால். சில பெண் மட்டும். பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், தாய்ச்செடியின் பூவில் மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்பே ஊசிமுனை இடுக்கியால் அதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். பக்கத்துப் பூ ஒன்றை மறந்தாலும் அதன் மகரந்தம் வந்து விழுந்துவிடும். எத்தனை கவனமாகச் செய்தாலும், கிடைத்த விதையில் எது கலப்பு, எது தாயின் சொந்தப் பிள்ளை என்று விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு ஓர் அழகான வழி உண்டு. சிவப்பு நிறம் ஓங்கு பண்பு. பச்சை ஒடுங்கு பண்பு. பச்சைத் தண்டுள்ள செடியைத் தாயாக வைத்துக்கொண்டு, சிவப்புச் செடியின் மகரந்தத்தைத் தூவுங்கள். விதையை முளைக்கப் போடுங்கள். எந்த நாற்றின் தண்டில் சிவப்பு ஓடுகிறதோ அது கலப்பு. பச்சையாக வருவது தாயின் சொந்தப் பிள்ளை, பிடுங்கிவிடலாம்.

கசப்பின் மரபு வழியும் நேர்த்தியானது. கசப்பு ஓங்கு பண்பு. கசப்பின்மை ஒடுங்கு பண்பு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சப்போனின் இருப்பது விதையின் மேல்தோலில். அந்தத் தோல் கருவுடையது அல்ல, தாய்ச்செடியின் திசு. குழந்தை தாயின் புடவையைப் போர்த்திக்கொண்டு பிறப்பது போல. இனிப்புத் தாயில் கசப்பு மகரந்தத்தைத் தூவினால் கிடைக்கும் விதை நாக்கில் இனிப்பாகவே இருக்கும். அதை விதைத்தால் வளரும் கலப்புச் செடியோ கொண்டை முழுக்கக் கசப்பு மணியைத் தரும். அந்த மணிகளை மீண்டும் விதைத்தால்தான் நாலு செடிக்கு ஒன்று என்ற கணக்கில் இனிப்புச் செடி வெளிப்படும். அதாவது மூன்றாவது போகம் வரை காத்திருக்க வேண்டும். மேட்டுச் சமவெளியில் ஆண்டுக்கு ஒரு போகம்தான். செடி இனிப்பா கசப்பா என்று சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை: ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் மணியும் தண்ணீரும் விட்டுக் குலுக்க வேண்டும், நிற்கும் நுரையின் உயரத்தை அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். நுரை உயர்ந்தால் கசப்பு. நம் சமையலறையில் நடந்ததும் அதே சோதனைதான்.

காந்தாரியாஸ் உருவாக்கிய இனிப்பு ரகத்துக்கு, பொலிவியாவின் மிக உயர்ந்த சிகரமான சஹாமாவின் பெயர் வைக்கப்பட்டது. வெண்மையான பெரிய மணி. மிதிக்க வேண்டாம், லேசாகக் கழுவினால் போதும். ஒரு வேளாண் அறிஞரின் கண்ணுக்கு எல்லாக் குறையும் தீர்ந்த பயிர்.

வயலிலோ முதலில் வந்து சேர்ந்தவை பறவைகள். சுற்றிலும் கசப்பு வயல்கள் இருக்க நடுவே ஒரு சஹாமா வயல் இருந்தால், அந்த வட்டாரத்துப் பறவைகளுக்கெல்லாம் அதுவே பந்தி. தெற்கே உப்புப் பாலைப் பகுதியில் உழவர்கள் தங்கள் கசப்பு ரகமான 'கீனுவா ரியல்', அதாவது அரச கீன்வாவையே தொடர்ந்தார்கள். சஹாமா வீணாகிவிடவில்லை. பிறகு வந்த பல ரகங்களுக்கு அது பெற்றோர் ஆனது. பெருவின் பூனோ வட்டாரத்தில் 1995-ல் வெளியிடப்பட்டு இன்றும் விரும்பிப் பயிரிடப்படும் 'சல்சேதோ இனியா' அரச கீன்வாவுக்கும் சஹாமாவுக்கும் பிறந்ததுதான். ஆனாலும் சஹாமா கற்றுக்கொடுத்த பாடம் கசப்பானது. சமைப்பவருக்குக் குறையாகப் பட்டது விளைவிப்பவருக்கு வேலியாக இருந்தது. இரண்டு பேரையும் ஒருசேரக் கேட்காமல் ரகம் உருவாக்க முடியாது.

அந்தத் தெற்குப் பகுதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊயுனி உப்புப் படுகை 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த வெள்ளை உப்புத்தரை. அதன் கரையோர நிலங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மி.மீ. மழை. இரவில் உறைபனி, பகலில் சுட்டெரிக்கும் வெயில், ஓயாத காற்று. அங்கே விதைப்பு என்றால் தூவுவது அல்ல. தக்கீசா என்ற கைக்கருவியால் மேல் மணலை விலக்கி, ஈரம் தென்படும் ஆழம் வரை குழி தோண்டி, ஒரு குழிக்கு ஒரு பிடி விதை போடுவார்கள். அத்தனை ஆழத்திலிருந்து மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரச் சிறிய விதைக்குத் திராணி இருக்காது. அரச கீன்வாவின் மணி பெரிதாக இருப்பதன் பயன் அங்கே தெரிகிறது. உலகச் சந்தை அந்தப் பெரிய வெண்மணியைப் பார்வைக்காக விரும்புகிறது. அந்த உழவருக்கோ அது முளைப்புக்கான முதல்.

இப்படி ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு கீன்வா. ஏரிக்கரைக்கு ஒன்று, ஈரப் பள்ளத்தாக்குக்கு ஒன்று, உப்புப் படுகைக்கு ஒன்று, சிலியின் தென்கடற்கரைக்கு ஒன்று. ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ வால்திவியா 1551-ல் எழுதிய கடிதத்திலேயே சிலிக் கரையில் விளையும் கீன்வாவைக் குறிப்பிட்டிருக்கிறார். இன்கா அரசகுலத் தாய்க்குப் பிறந்து ஸ்பெயினில் வாழ்ந்த எழுத்தாளர் கார்சிலாசோ தெ லா வேகா, ஊரிலிருந்து கீன்வா விதை வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது அது முளைப்புத் திறனை இழந்திருந்தது என்று வருந்தி எழுதினார்.

விதை உயிரோடு போயிருந்தாலும் ஐரோப்பாவில் விளைந்திருக்குமா என்பது ஐயம்தான். பகலின் நீளம் ஒரு தடை. ஆண்டிஸ் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். பகல் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. அந்த அளவுக்குப் பழகிய செடியை டென்மார்க்கின் பதினேழு மணி நேரக் கோடைப் பகலில் வைத்தால், காலம் தெரியாமல் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். மணி பிடித்து முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். சிலியின் தென்கரை ரகங்களோ நீண்ட கோடைப் பகலுக்குப் பழகியவை. டென்மார்க்கில் ஸ்வென் எரிக் யாகப்சென் சிலி, பெரு வழி வந்த விதைகளிலிருந்து 'டிட்டிகாக்கா' என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். பெயர் மலை ஏரியுடையது. காலக்கணக்கு சிலிக் கரையுடையது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இனிப்பு ரகங்களை உருவாக்கியது. அங்கே கழுவும் செலவும் கழிவு நீரும்தான் பெரிய கவலை. ஆகவே அந்த வயல்களுக்கு இனிப்பு ரகமே பொருத்தம். இதில் முரண் ஒன்றுமில்லை. இடம் மாறியது, தேவையும் மாறியது.

வெப்பம் இன்னொரு தடை. பூக்கும் நேரத்தில் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பல ரகங்களில் மகரந்தம் மலடாகிவிடும். செடி செழித்து நிற்கும், கொண்டையில் மணி இருக்காது. இந்தியாவில் ராஜஸ்தான் போன்ற இடங்களில் இதைக் குளிர்காலப் பயிராகப் போடுவது இதனால்தான்.

விதை ஊர்விட்டு ஊர் போகும்போது உரிமைக் கேள்வியும் கூடவே போகிறது. டிட்டிகாக்கா ஏரிக்கு அருகே அப்பலாவா என்ற ஊரின் பெயரால் அறியப்பட்ட நாட்டு ரகம் ஒன்றில் ஆண் மலட்டுத்தன்மை உண்டு. மகரந்தம் தராத செடி, இனவிருத்தி செய்பவருக்குப் புதையல் மாதிரி. இடுக்கியால் ஆயிரம் பூக்களைக் கிள்ளும் வேலையே இல்லை. பக்கத்தில் வேறு ரகத்தை நட்டால் போதும், கிடைக்கும் விதையெல்லாம் வீரிய ஒட்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இந்தப் பண்பைக் கொண்டு ஒட்டு ரகம் உருவாக்கும் முறைக்கு 1994-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அதில் ஆண்டிஸின் 43 நாட்டு ரகங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. பொலிவியாவின் கீன்வா உற்பத்தியாளர் சங்கமான அனப்கி கொதித்தெழுந்தது. எங்கள் பாட்டன் பாட்டி காத்த விதைக்கு வேறொருவர் எப்படி உரிமை கொண்டாடலாம் என்ற அவர்களின் கேள்வி பன்னாட்டு அரங்குகள் வரை போனது. 1998-ல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் நம் மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையும் ரத்தானது. அப்பலாவாச் செடியில் அந்தப் பண்பு ஆய்வகத்தில் முளைத்ததல்ல. தலைமுறைகளாக அந்த விதையைக் காத்தவர்கள் கையில்தான் இருந்தது. அதைக் கண்டறிந்து விளக்கியவருக்குப் பெருமை சேரலாம். உடைமை எப்படிச் சேரும்?

2013-ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுக் கீன்வா ஆண்டாக அறிவித்தது. பத்தாண்டு கழித்து நம் சிறுதானியங்களுக்கும் ஓர் ஆண்டு வந்ததே, அது போல. விலை எகிறியது. பெருவின் கடற்கரைச் சமவெளியில் பெரும் பண்ணைகள் இறங்கின, விளைச்சல் குவிந்தது, 2015 வாக்கில் விலை சரிந்தது. ஏறிய விலையும் இறங்கிய விலையும் எல்லோரும் அறிந்த கதை. எனக்கு அதிகம் உறுத்துவது வேறு: சந்தை கேட்டது வெள்ளை மணியை மட்டுமே. உலகின் விதை வங்கிகளில் 16,000-க்கும் மேற்பட்ட கீன்வா, அதன் காட்டுறவு மாதிரிகள் இருக்கின்றன. ஏரிக்கரைச் சமூகங்களின் அய்நோக்கா என்ற பொதுநிலச் சுழற்சியில் ஒரே மலைச்சரிவில் பல ரகங்கள் சேர்ந்து வாழ்கின்றன. பனிக்கு ஒன்று, அடிச்சாம்பல் நோய்க்கு ஒன்று, மாவுக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று. சந்தை கேட்காத ரகத்தை விதைக்க ஆளில்லாமல் போனால், விதை வங்கியின் குளிர்ப்பெட்டி அதை உயிரோடு வைத்திருக்கும். மாறும் வானிலையோடு சேர்ந்து மாற விடாது.

கசப்பின் கதையில் அடுத்த பெரிய திருப்பம் 2017-ல் வந்தது. சவூதி அரேபியாவின் செங்கடற்கரையில் உள்ள கௌஸ்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் டெஸ்டர் தலைமையிலான பன்னாட்டுக் குழு கீன்வாவின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. பாலைநிலமும் உப்புநீருமே சூழ்ந்த நாட்டில் உப்பைத் தாங்கும் பயிர் மீது ஆர்வம் பிறந்தது இயல்பு. 36 குரோமோசோம்கள், ஏறத்தாழ 45,000 மரபணுக்கள். கீன்வா ஒரு செடியல்ல, இரண்டு செடிகளின் கூட்டு என்பதும் அதில் தெளிவானது. 33 லட்சம் முதல் 63 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு வேறு இனங்கள் கலந்து, இரண்டின் மரபணுத்தொகுதியும் முழுசாக ஒரே செடியில் தங்கிவிட்டன. 'ஏ' என்ற பாதி அமெரிக்கக் கண்டத்து இனங்களுக்கு நெருக்கம். 'பி' என்ற பாதி ஐரோப்பிய, ஆசியக் கீரைகளோடு உறவுடையது. சக்கரவர்த்திக் கீரையின் மரபணுத்தொகுதியிலும் அதே 'பி' பங்கு இருக்கிறது. நம் குழம்புச்சட்டிக்கும் டிட்டிகாக்கா ஏரிக்கும் இப்படி ஒரு பழைய ரத்த உறவு.

கசப்பைத் தேட அந்தக் குழு கையில் எடுத்தது ஒரு பொலிவியக் கலப்பினத்தை. தாய் தந்தையரில் ஒன்று, பொலிவியாவின் ப்ரோயின்பா நிறுவனத்தில் உருவான 'குர்மி' என்ற இனிப்பு ரகம். குர்மி என்றால் அய்மரா மொழியில் வானவில். அங்கே பல்லாண்டு ரகம் உருவாக்கிய அலெஹாந்த்ரோ போனிஃபாசியோ அய்மரா மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ஊர் திரும்பியவர். குர்மியின் பேரப்பிள்ளைகளில் இனிப்பையும் கசப்பையும் பிரித்து ஒப்பிட்டபோது எல்லாத் தடயமும் ஒரே மரபணுவை நோக்கிக் கைகாட்டின. சப்போனின் உற்பத்தி வரிசையை முடுக்கிவிடும் மேலாளர் மரபணு அது. இனிப்புச் செடியில் அதன் செய்தி வெட்டி ஒட்டப்படும் இடத்தில் ஒரு பிழை. புரதம் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. முடுக்குபவர் இல்லாததால் உற்பத்தி நின்றுவிடுகிறது.

நடைமுறையில் இதன் பயன் பெரிது. மூன்று போகம் காத்திருந்து நுரையை அளந்த வேலையை இனி நாற்றின் ஓர் இலைத்துண்டை வைத்தே முடிக்கலாம். காந்தாரியாஸ் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இடத்தில் காலம் மிச்சமாகும். இன்னொரு நம்பிக்கையும் எனக்கு உண்டு: தண்டிலும் இலையிலும் கசப்பு இருந்து, மணியில் மட்டும் இல்லாத செடி ஒரு நாள் சாத்தியப்படலாம்.

அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆய்வு காரணம். கீன்வா இலையைத் தொட்டால் மாவு தூவியது போல விரலில் ஒட்டும். அவை இலைத்தோலின் மேல் உட்கார்ந்திருக்கும் நீர்க்குமிழி போன்ற உயிரணுக்கள். வெயிலில் பனித்துளி போல மினுங்கும். செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் உப்பை இந்தக் குமிழிகளில் கொட்டிவைப்பதால்தான் உவர்நிலத்தைத் தாங்குகிறது என்று பாடநூல்களே எழுதிவந்தன. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பால்ம்கிரென் குழுவினர் குமிழியே இல்லாத மாற்றுச் செடிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். உப்புநீர் விட்டார்கள். குமிழி இல்லாத செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே வளர்ந்தது. ஆனால் இலைப்பேனும் சிலந்திப்பேனும் அதை மொய்த்துத் தின்றன. குமிழிக்குள் உப்பைவிட முக்கியமாக இருந்தவை ஆக்ஸாலிக் அமிலம், சப்போனின் போன்ற பூச்சிக்கு ஆகாத பொருள்கள். 2022, 2023-ல் இந்த முடிவுகள் வந்தன. உப்புக் கிடங்கு என்று நினைத்தது உண்மையில் கசப்புக் கவசம். மணியின் தோலில் பறவைக்கு எதிராக நிற்பதும், இலையின் மேல் பூச்சிக்கு எதிராக நிற்பதும் ஒரே படை.

உப்பை அது எப்படித் தாங்குகிறது என்ற ஆய்வு வேர், தண்டு என்று இப்போது கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது. வெப்பத்துக்கு விடை தேடுபவர்கள் வெளியே கிளம்பிவிட்டார்கள். வட அமெரிக்காவில், மெக்சிகோ வளைகுடாவின் கடற்கரை மணலில், கீன்வாவின் காட்டு உறவுச் செடி ஒன்று கொளுத்தும் கோடையில் பூத்து மணி பிடிக்கிறது. அதற்கும் 36 குரோமோசோம்கள், கீன்வாவோடு கலக்கும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் எரிக் ஜெல்லனும் ஜெஃப் மாகனும் அந்த விதையைச் சேகரித்து வந்து கீன்வாவோடு கலப்புச் செய்கிறார்கள். விதை பொடிசு. கறுப்பு. தோல் தடிப்பு. சிரிபாவின் ஆதி மக்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பொறுக்கி எறிந்த குணங்களெல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. கலப்பு நாற்றுகளில் அந்தக் குணங்கள் திரும்பி வரும். போகத்துக்குப் போகம் அவற்றை மீண்டும் பொறுக்கி ஒதுக்க வேண்டும், வெப்பம் தாங்கும் குணம் கைநழுவாமல். நாற்றங்கால் தட்டில் குனிந்து, எந்தத் தண்டில் சிவப்பு ஓடுகிறது என்று ஒருவர் தேடுவதிலிருந்துதான் அதுவும் தொடங்குகிறது.